ஸ்டியரிங் யார் கையில பாஸ்?

தீம் பார்க் டூருக்கு வாடகை கார் எடுக்கலாமா, ரிசார்ட் வண்டியை நம்பலாமா? ஒரு கேம்பஸ் கைடு!

செமஸ்டர் கடைசி பேப்பர் எழுதி முடிச்ச அன்னிக்கு சாயங்காலம் சாரம் அவ்வை திடல் பக்கம் நாலு பைக் ஒண்ணா நின்னா, அங்க ஓடுற டாபிக் ஒண்ணே ஒண்ணுதான். ‘மச்சி, டூர் எங்க?’

முன்னாடி எல்லாம் இந்தக் கேள்விக்குப் பெங்களூரு, கொச்சினு பதில் வரும். கொச்சியில 2000-ல ‘வீகாலேண்ட்’ங்கிற பேர்ல ஆரம்பிச்சு, 2005-ல பெங்களூரு பிடதிக்குப் போன வொண்டர்லா, 2025 டிசம்பர்ல நம்ம பக்கமே வந்தாச்சு. திருப்போரூர் பக்கத்துல இள்ளலூர். தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்க, தலைகீழா சுத்திக்கிட்டுப் போற ரோலர் கோஸ்டர் வேற இருக்கு. முட்டுக்காட்டுல எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு நம்ம சீனியர்கள் காலத்துல இருந்தே இருக்கு. ஆக, எங்க போறதுங்கிற சண்டை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். எப்படிப் போறதுங்கிற சண்டைதான் அஞ்சு நாள் ஓடும்!

‘செல்ஃப் டிரைவ் கார் எடுப்போம் மச்சி, கெத்தா இருக்கும்’னு ஒருத்தன். ‘ரிசார்ட்ல ரூம் போட்டா அவங்களே வண்டி விடுவாங்கப்பா’னு ஒருத்தி. ‘பஸ்ஸே போதும், மிச்சக் காசுல பிரியாணி’னு இன்னொருத்தன். மூணு பேர் சொல்றதும் சரிதான். ஆனா மூணு பேருமே ஒரு விஷயத்தை மறந்துட்டாங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ரூட் மேப்!

புதுச்சேரியில இருந்து ஈ.சி.ஆர். புடிச்சா கோட்டக்குப்பத்துல தமிழ்நாடு. கொஞ்ச தூரத்துல பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு வந்ததும் மறுபடியும் புதுச்சேரி. அதைத் தாண்டினா திரும்பவும் தமிழ்நாடு! ஒரே ரோட்டுல எல்லை இப்படிக் கண்ணாமூச்சி ஆடும். அப்புறம் மரக்காணம் உப்பளம், கல்பாக்கம், மாமல்லபுரம். அதை ஒட்டி இருக்கிற பூஞ்சேரியில ஓ.எம்.ஆர். பிரியுது. இள்ளலூர் போறவங்க அங்க திரும்பி திருப்போரூர் வழியா உள்ளே போகணும். முட்டுக்காடு போறவங்க ஈ.சி.ஆர்.லயே நேரா போகலாம்.

எந்தப் பக்கம் போனாலும் ஒரு வழி மட்டும் நூறு கிலோமீட்டரைத் தாண்டிடும். போக வர 230, 240 கிலோமீட்டர்னு கணக்கு வச்சுக்கங்க.

பஸ் ஆளுங்களுக்கு ஒரு குறிப்பு. சென்னை போற ஈ.சி.ஆர். பஸ்கள் முட்டுக்காடு வழியாத்தான் போகும். ஏறும்போதே கண்டக்டர்கிட்ட ‘எம்.ஜி.எம். கிட்ட நிக்குமா?’னு கேட்டுக்கங்க. வொண்டர்லாவுக்கு அப்படி நேரா போய் இறங்க முடியாது. இந்த பஸ்கள் பெரும்பாலும் மாமல்லபுரம் ஊருக்குள்ள போகாம பைபாஸ்லயே இறக்கிவிடும். அங்க இருந்து திருப்போரூருக்கு வேற பஸ், திருப்போரூர்ல இருந்து ஆட்டோ. நூறு கிலோமீட்டரை சுலபமா தாண்டிடுவீங்க, கடைசி சில கிலோமீட்டர்தான் உயிரை வாங்கும்!

ஆனா பாண்டிச்சேரிக்காரங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. சனிக்கிழமை காலையில சென்னையே நம்ம ஊரைப் பார்த்துக் கிளம்பி வரும். நாம எதிர்த்திசையில போறோம்! போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போதுதான் உஷாரா இருக்கணும். சென்னையில இருந்தே ஃபுல்லா வர்ற பஸ்ல பாதி வழியில ஏறினா, நின்னுக்கிட்டே ஊர் வந்து சேரணும்.

காசு கணக்கு!

நாம இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ். ஃபார்முலா இல்லாம ஒரு வேலையும் ஆகாது. அஞ்சு பேர், ஒரே நாள், 230 கிலோமீட்டர். கீழே இருக்கிற ரேட் எல்லாம் புரியறதுக்காக நான் போட்டுக்கிட்டது. நீங்க விசாரிச்ச ரேட்டை அந்த இடத்துல போட்டுப் பாருங்க.

செல்ஃப் டிரைவ்: ஒரு நாள் வாடகை 2,500 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா பெட்ரோல் பதினைஞ்சரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சா 1,550. டோல், பார்க்கிங் 300. மொத்தம் 4,350. தலைக்கு 870.

டிரைவரோட வர்ற டாக்ஸி: கிலோமீட்டருக்கு 14 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைஞ்சது 250 கிலோமீட்டர்னு கண்டிஷன். அப்ப 3,500. டிரைவர் பேட்டா 500. டோல், பார்க்கிங் 300. மொத்தம் 4,300. தலைக்கு 860.

பார்த்தீங்களா? ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! ‘நாமளே ஓட்டினா பாதிக் காசு மிச்சம்’ங்கிறது நம்ம கேங்ல உலவுற மூடநம்பிக்கை. போதாக்குறைக்கு செல்ஃப் டிரைவ் வண்டிக்கு டெபாசிட் கட்டணும். ஒரு கீறல் விழுந்தாலும் அதுல கை வைப்பாங்க. வண்டியை லேட்டா விட்டா மணிக்கணக்குல சார்ஜ். கிலோமீட்டர் லிமிட் தாண்டினா அதுக்குத் தனி ரேட்.

டாக்ஸியிலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. நிறைய பேர் கிலோமீட்டரை ‘ஷெட் டு ஷெட்’ கணக்குலதான் போடுவாங்க. அதாவது, வண்டி அவங்க ஷெட்டை விட்டுக் கிளம்பினதுல இருந்து திரும்ப அங்க போய் நிக்கிற வரைக்கும் மீட்டர் ஓடும். வண்டி வில்லியனூர்ல இருந்து சாரத்துக்கு வந்து உங்களை ஏத்திக்கிட்டா, அந்தத் தூரமும் உங்க தலையிலதான். இதை முதல்லயே பேசிக்கங்க.

பஸ்தான் எல்லாத்தையும் விட மலிவு. அதுல டவுட்டே வேண்டாம்.

அந்த 17 மணி நேரம்!

இப்ப மெயின் மேட்டருக்கு வருவோம். வண்டி எதுன்னு முடிவு பண்ணும்போது நாம எல்லாரும் காலையில போற காட்சியைத்தான் மனசுல ஓட்டிப் பார்ப்போம். ஜன்னலைத் திறந்து விட்டு, பாட்டு போட்டு, ஒரு பக்கம் கடல் எட்டிப் பார்க்க... சூப்பரா இருக்கும். ராத்திரி திரும்பி வர்ற காட்சியை யாரும் யோசிக்கிறதே இல்லை.

கொஞ்சம் யோசிங்க. காலையில 5 மணிக்கு எழுந்தாச்சு. 6 மணிக்குக் கிளம்பி, வழியில டிபன் முடிச்சு, பார்க் திறக்கிறதுக்கு முன்னாடியே கேட்ல ஆஜர். நாள் பூரா வெயில், அலைக்குளம், க்யூ, ரோலர் கோஸ்டர். சாயங்காலம் பார்க்கை மூடுறப்போ வெளியே வந்து, டிரஸ் மாத்தி, சாப்பிட்டு, 8.30-க்கு வண்டியை எடுக்கறீங்க. 10 மணிக்கு மரக்காணம் உப்பளத்துக்கிட்ட வர்றீங்க. பின் சீட்ல மூணு பேரும் வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்குறாங்க. முன் சீட்ல இருக்கிறவனும் ‘நான் தூங்க மாட்டேன்டா’னு சொல்லிட்டுத் தூங்கிட்டான். ஸ்டியரிங் பிடிச்சிருக்கிற ஃப்ரெண்ட் கண் முழிச்சு அப்போ சரியா 17 மணி நேரம்.

இந்த 17 நான் சும்மா சொன்ன நம்பர் இல்லை. 1997-ல ‘நேச்சர்’ இதழ்ல ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் விழிச்சிருந்தவங்களோட கண்-கை ஒத்திசைவு, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்கு மோசமாகிடுதுன்னு அதுல கண்டுபிடிச்சாங்க. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல அனுமதிச்ச அளவு எவ்வளவு தெரியுமா? 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதாவது 0.03 சதவீதம்!

அதாவது, ஒரு சொட்டுகூடக் குடிக்காத உங்க ஃப்ரெண்ட், சட்டத்தோட எல்லையைத் தாண்டிக் குடிச்சவன் மாதிரி வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கான். போலீஸ் ஊதச் சொன்னா மெஷின்ல ஜீரோன்னுதான் வரும். ஆனா ரோட்டுல குறுக்கே வர்ற மாட்டுக்கு அந்த ஜீரோ தெரியாதே!

இதுல ‘பீச்ல ஒரு பீர் மட்டும்’னு ஒரு ஐட்டம் சேர்ந்தா கதையே வேற. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், குடிச்சிட்டு ஓட்டி முதல் தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டும் சேர்த்தே கிடைக்கலாம். காசை விடுங்க. பின் சீட்ல தூங்குறவங்க, அவன் முழிச்சிருக்கான்னு நம்பித்தானே கண்ணை மூடினாங்க?

அதனாலதான் சொல்றேன். வண்டியைப் போறதுக்காகத் தேர்ந்தெடுக்காதீங்க, திரும்பி வர்றதுக்காகத் தேர்ந்தெடுங்க. ‘காலையில யாரு ஓட்டுறது?’ங்கிற கேள்விக்கு அஞ்சு கை தூக்கும். ‘ராத்திரி 10 மணிக்கு யாரு ஓட்டுறது?’னு கேளுங்க. எத்தனை கை தூக்குதுன்னு பாருங்க!

டாக்ஸி டிரைவரும் அதே 5 மணிக்குத்தானே எழுந்தாருன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நீங்க ராட்டினத்துல சுத்திக்கிட்டு இருக்கிற ஏழு மணி நேரமும் அவர் பார்க்கிங்ல சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கலாம். அவரைத் தூங்க விடுங்க! நடுவுல போன் பண்ணி ‘அண்ணே, பையை எடுத்துட்டு வாங்க’னு எழுப்பாதீங்க. மதியச் சாப்பாட்டுக்கு அவரையும் கணக்குல சேர்த்துக்கங்க. புக் பண்ணும்போதே, ‘முந்தின நாள் ராத்திரி வேற ட்ரிப் இருக்காண்ணே?’னு கேட்டுக்கங்க. ராத்திரி பூரா திருப்பதி போயிட்டு வந்தவரைக் காலையில கூட்டிட்டுப் போனா, அது டாக்ஸி எடுத்தும் எடுக்காத மாதிரிதான்.

நம்பர் பிளேட் கலரைப் பாருங்க!

‘எனக்குத் தெரிஞ்ச அண்ணன் வண்டி ஒண்ணு இருக்கு மச்சி, ஆயிரம் ரூபாய் கம்மி’னு எல்லா கேங்லயும் ஒருத்தன் சொல்வான். வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதோட நம்பர் பிளேட்டைப் பாருங்க.

மஞ்சள் பிளேட்ல கறுப்பு எழுத்துன்னா டாக்ஸி. கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்துன்னா, நீங்களே ஓட்டிக்கிறதுக்கு வாடகைக்கு விட பதிவு பண்ணின வண்டி. நம்ம ஊர்ல டூரிஸ்ட்டுங்க ஓட்டிட்டுப் போற வாடகை ஸ்கூட்டர்கள்ல இந்தக் கறுப்பு பிளேட்டைப் பார்த்திருப்பீங்க. கார்களுக்கு 1989-லயும், பைக்குகளுக்கு 1997-லயும் மத்திய அரசு இதுக்குன்னு தனித்தனித் திட்டம் கொண்டுவந்துச்சு. இந்த வாடகைக் காரை ஓட்ட உங்க சாதாரண கார் லைசென்ஸே போதும். எல்.எல்.ஆர். மட்டும் வச்சிருக்கிறவங்க ஆசைப்படக் கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் சில கம்பெனிகள் 21 வயசு ஆகணும்னு கேட்பாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க.

வெள்ளை பிளேட்ல கறுப்பு எழுத்துன்னா அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதை வாடகைக்கு விட சட்டத்துல இடம் இல்லை. இன்ஷூரன்ஸும் சொந்த உபயோகத்துக்குத்தான் போட்டிருப்பாங்க. ஏதாவது ஒண்ணு ஆகி, ‘வாடகைக்கு ஓடின வண்டி’னு தெரிஞ்சா, இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே ஒரு காரணம் ஆகிடும். அப்புறம் அந்த ‘தெரிஞ்ச அண்ணன்’ ரிப்பேர் பில்லை எடுத்துக்கிட்டு உங்க அப்பாவைத் தேடி வருவார். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அப்பாவோட பி.எஃப். பணத்துல கை வைக்கணுமா?

இன்னொண்ணு. நம்ம ஊர் டாக்ஸி தமிழ்நாட்டுக்குள்ள போறதுக்கு பர்மிட் வேணும். ‘ஆல் இண்டியா பர்மிட் இருக்காண்ணே?’னு ஒரு வார்த்தை கேட்டா போதும்.

ரிசார்ட் வண்டி... ஃப்ரீயா?

‘ரிசார்ட்ல தங்கினா அவங்க வண்டியிலயே பார்க்குக்குப் போயிடலாம்’ங்கிற ஐடியா சினிமாத்தனமா தெரியலாம். ஆனா பெரிய பார்க்குகள் பலதும் ஓடுறதே இப்படித்தான்.

அமெரிக்காவுல ஆர்லாண்டோ பக்கம் 1971-ல திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்கங்க. அந்த இடத்தோட பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். காரைக்கால், மாஹே, ஏனாம் சேர்க்காம நம்ம புதுச்சேரிப் பகுதியே 293 சதுர கிலோமீட்டர்தான். ஊர்ல மூணுல ஒரு பங்கு அளவுக்கு ஒரு பார்க்! உள்ளே பஸ், மோனோ ரயில், படகு, 2019-ல இருந்து ரோப் கார்னு எல்லாமே அவங்களே ஓட்டுறாங்க. அங்க போறவங்களும் ‘கார் எடுக்கலாமா, இவங்க பஸ்ஸே போதுமா’னு நம்மளை மாதிரியேதான் தலையைப் பிச்சுக்கிறாங்க. ஏர்போர்ட்ல இருந்து ஹோட்டல் வரைக்கும் 2005-ல இருந்து ஃப்ரீ பஸ் விட்ட டிஸ்னி, 2021-ஓட அதை நிறுத்திட்டாங்க. ஹோட்டல்ல ராத்திரி கார் நிறுத்தறதுக்கு 2018-ல காசு வாங்க ஆரம்பிச்சு, 2023-ல திரும்ப ஃப்ரீ ஆக்கினாங்க. போன வருஷம் போயிட்டு வந்தவர் சொன்னதை நம்பி இந்த வருஷம் ப்ளான் போட்டா காலி!

டோக்கியோ டிஸ்னியில 2001-ல இருந்து பார்க்கையும் ஹோட்டல்களையும் சுத்தி மோனோ ரயில் ஓடுது. ஆனா டிக்கெட் எடுக்கணும். ரிசார்ட் வண்டின்னாலே ஃப்ரீன்னு அர்த்தம் இல்லை.

நம்ம பக்கம் வாங்க. ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி 1996-ல ஆரம்பிச்சது. அங்க நீங்க எவ்வளவு பெரிய கார்ல போனாலும் அது பார்க்கிங்ல நிக்க வேண்டியதுதான். சுத்திக் காட்டுறது அவங்க பஸ்லதான். அந்த மாதிரி இடத்துக்கு மூணு நாள் வாடகைக்குக் கார் எடுத்தா, அது ரெண்டரை நாள் வெயில் காயும். பெங்களூரு வொண்டர்லாவுல 2012-ல பார்க்கை ஒட்டியே ரிசார்ட் கட்டினாங்க. முட்டுக்காட்டுல எம்.ஜி.எம். ரிசார்ட்டும் பார்க்குக்குப் பக்கத்துலயே இருக்கு. இங்க எல்லாம் காரும் வேண்டாம், ரிசார்ட் வண்டியும் வேண்டாம். கால் போதும்!

ரிசார்ட்டுக்குப் போன் பண்ணும்போது நாலு கேள்வி கேளுங்க. வண்டி ஃப்ரீயா, காசா? பார்க் கேட் வரைக்கும் வருமா, மெயின் ரோட்டோட நின்னுடுமா? கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அதை விட்டுட்டா என்ன வழி? மூணாவது கேள்விக்கு ‘சாயங்காலம் 5 மணி’னு பதில் வந்தா, அந்த வண்டி உங்களுக்கு ஆகாது. பார்க் களைகட்டுற நேரத்துல நீங்க பையைத் தூக்கிட்டு ஓடிக்கிட்டு இருப்பீங்க.

ஒரு ராத்திரி தங்கினா என்ன?

‘தங்குறதுக்கு எல்லாம் பட்ஜெட் இல்லை பாஸ்’னு சொல்றது காதுல விழுது. ரிசார்ட்தான் வேணும்னு இல்லை. மாமல்லபுரத்துல சின்னச் சின்ன லாட்ஜ்கள் நிறைய இருக்கு. மதியம் பஸ்ல கிளம்பி சாயங்காலம் கடற்கரைக் கோயில் பார்த்துட்டு, ராத்திரி நல்லாத் தூங்குங்க. மறுநாள் காலையில பார்க், சாயங்காலம் ஊருக்கு பஸ். அஞ்சு பேர் ரூம் ஷேர் பண்ணினா, டாக்ஸிக்குக் கொடுக்கிற காசுலயே இது முடிய வாய்ப்பு உண்டு. ரூம் வாடகைன்னு நினைக்காதீங்க, தூக்கத்தைக் காசு கொடுத்து வாங்குறோம்னு நினைங்க.

வீட்டுல பர்மிஷன் கேட்கிற பொண்ணுங்களுக்கும் ஹாஸ்டல் கேட் டைம் இருக்கிறவங்களுக்கும் இன்னொரு விஷயம். ‘எத்தனை மணிக்கு வருவே, யாரு வண்டி ஓட்டுறா?’ங்கிறதுதான் அம்மாக்களோட முதல் கேள்வி. ‘நம்ம ஃப்ரெண்டுதாம்மா ஓட்டுறான், லைசென்ஸ் எடுத்து மூணு மாசம் ஆச்சு’ங்கிற பதிலுக்கு பர்மிஷன் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது! வண்டி நம்பர், டிரைவர் நம்பர், திரும்புற நேரம் மூணையும் எழுதிக் கொடுங்க. பாதி சண்டை அங்கேயே முடிஞ்சிடும்.

எந்த கேங்குக்கு எது?

* ரெண்டு மூணு பேர், டைட் பட்ஜெட்: பஸ். கடைசி தூரத்துக்கு ஆட்டோ. திரும்புற பஸ் நேரத்தைக் காலையிலயே கேட்டு வச்சுக்கங்க.

* நாலஞ்சு பேர், ஒரே நாள்: டிரைவரோட டாக்ஸி. நாள் பூரா தூங்கி எழுந்த ஒருத்தர் ஓட்டினா நீங்க பயமில்லாம தூங்கலாம்.

* பத்துப் பன்னிரண்டு பேர்: டிரைவரோட வேன். ஏழு சீட் வண்டியில ஒன்பது பேர் அடைச்சுக்கிட்டுப் போற வித்தை வேண்டாம்.

* ரிசார்ட்ல ஸ்டே: பார்க்கை ஒட்டின ரிசார்ட்னா வண்டியே வேண்டாம். தள்ளி இருந்தா, மேலே சொன்ன நாலு கேள்வி.

* ரெண்டு மூணு நாள், பல ஊர்: இதுக்குத்தான் செல்ஃப் டிரைவ் சரி. நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க ரெண்டு பேராவது இருக்கணும். இருட்டினதுக்கு அப்புறம் லாங் டிரைவ் வேண்டாம். வண்டி எடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுங்க. பெட்ரோல் முள் எங்க நிக்குதுன்னு போட்டோ எடுங்க. ஒரிஜினல் லைசென்ஸை அவங்ககிட்ட விட்டுட்டு வந்துடாதீங்க, ரோட்டுல போலீஸ் கேட்டா காட்டணும்.

* வாடகை ஸ்கூட்டர்ல ஈ.சி.ஆர். முழுக்கப் போறோம்: சாரி பாஸ், அடுத்த கேங்!

ரோலர் கோஸ்டர்ல ஏறினதும் பெல்ட் போட்டு, கம்பியை இறக்கி, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் ஸ்விட்சைப் போடுவாங்க. ரெண்டு மூணு நிமிஷ ரைடுக்கே அவ்வளவு செக்கிங். ராத்திரி ரெண்டு மணி நேரம் ஈ.சி.ஆர்.ல வரப்போறதுக்கு நீங்களும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துடுங்க. டூர் போட்டோவுல எத்தனை பேர் இருக்கீங்களோ, அத்தனை பேரும் மறுநாள் காலேஜ்ல அட்டெண்டன்ஸ் சொல்லணும். ஓகேவா? ஹேப்பி ஜர்னி!